பிரஷர் மாத்திரையும் மூட்டுவலி மருந்தும் ஒரே பையில் இருக்கட்டும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. எங்க மாமியாருக்கு பிரஷரும் இருக்கு, முட்டி வலியும் இருக்கு. வேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறது நான்தான். அதனால டாக்டர்கிட்டயும் நர்ஸம்மாகிட்டயும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதை உங்ககிட்ட சொல்ல வந்திருக்கேன்.

நாத்து நட்டு, களை எடுத்து, குடம் தூக்கின முட்டி நம்மளோடது. வயசு ஏற ஏற முட்டி தேயுது. அதே வயசுலதான் பிரஷரும் வருது. பிரஷர் மாத்திரை இப்ப வீடு தேடி வருது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்துல, நம்ம குழுப் பெண்களே தன்னார்வலரா வீடு வீடா கொண்டு வந்து கொடுக்கிறாங்க. ஆனா மூட்டு வலிக்கு மருந்து மெடிக்கல்ல, சந்தையில, ஏஜென்ட்கிட்ட வாங்குறோம். இந்த மருந்து கொடுக்கிறவங்களுக்கு அந்த மருந்து தெரியாது. ஆபத்து அங்கதான் இருக்கு.

முதலாவது, வலி மாத்திரை. டைக்ளோபினாக், அசிக்ளோபினாக், ஐப்யூபுரூபன்னு அட்டையில போட்டிருக்கும். இது உடம்புல உப்பையும் தண்ணியையும் தேக்கி பிரஷரை ஏத்தும். எனலாப்ரில், லோசார்டன் மாதிரி மாத்திரையோட, நீர் பிரியுற மாத்திரையும் சாப்பிடுறவங்க இதையும் சேர்த்துப் போட்டா கிட்னி கெடலாம்.

ரெண்டாவது, மூட்டுக்குச் சத்துன்னு விக்கிற குளுக்கோசமைன். எல்லாருக்கும் பலன் தரும்னு ஆராய்ச்சியில உறுதியாகல. சில வகையில பொட்டாசியமோ சோடியமோ சேர்ந்திருக்கும். சோடியம்னா உப்புதான். எனலாப்ரில், லோசார்டன் சாப்பிடுறவங்களுக்கு ஏற்கனவே ரத்தத்துல பொட்டாசியம் கூட வாய்ப்பு இருக்கு. ரத்தம் உறையாம இருக்க வார்பரின் சாப்பிடுறவங்களுக்கு இதனால ரத்தக்கசிவு வரலாம். பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டுல இருந்து எடுக்கிறதால, அது ஒத்துக்காதவங்களும் டாக்டரைக் கேட்கணும்.

மூணாவது, பேர் ஊர் இல்லாத பொடி. ரெண்டே நாள்ல வலி பறந்துடுச்சுன்னா சந்தேகப்படுங்க. சில பொடியில ஸ்டீராய்டு கலந்து விக்கிறாங்க. அது பிரஷரையும் சுகரையும் ஏத்தும், எலும்பை உருக்கும். ரொம்ப நாளா சாப்பிட்டவங்க தானா திடீர்னு நிறுத்தவும் கூடாது, டாக்டர்கிட்ட காட்டித்தான் நிறுத்தணும். நாட்டு மருந்துன்னாலும் சொல்லணும். அதிமதுரம் அதிகமா சாப்பிட்டா பிரஷர் ஏறும்.

எங்க மாமியாருக்குக் கால் வீங்கி, பிரஷர் 170-க்குப் போச்சு. "வேற என்ன சாப்பிடுறீங்க?"ன்னு டாக்டர் கேட்டார். "வேற ஒண்ணுமில்லைய்யா"ன்னாங்க. அவங்க பொய் சொல்லல. சந்தையில வாங்குன பொடியும், மெடிக்கல்ல சீட்டு இல்லாம வாங்குன வலி மாத்திரையும் அவங்களுக்கு மருந்தாவே தோணல. நான் பையைத் திறந்து மேசையில வச்சேன். ரெண்டையும் பார்த்து, மருந்தை மாத்திக் கொடுத்தார். அப்புறம்தான் பிரஷர் இறங்குச்சு.

அதனால வீட்டுக்கு ஒரு துணிப்பை வையுங்க. மாத்திரை அட்டை, பொடி, லேகியம், தைலம், சத்து மாவு டப்பா எல்லாம் அதுல இருக்கட்டும். டாக்டர்கிட்ட போகும்போது பையோட போங்க. "பிரஷருக்கு இது சாப்பிடுறேன், வலிக்கு எது ஒத்துக்கும்?"னு வாய்விட்டுக் கேளுங்க. மருந்து இல்லாத வழியும் இருக்கு. எடையைக் குறைக்கிறது, தொடைக்குப் பலம் தர்ற பயிற்சி, வெந்நீர் ஒத்தடம். முடக்கத்தான் தோசை ஆசையா சுட்டுச் சாப்பிடுங்க, ஆனா அதை நம்பி பிரஷர் மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க. மருந்து சாப்பிடும்போது கால், முகம் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, ஒண்ணுக்குப் போறது குறைஞ்சாலோ, மலம் கறுப்பாப் போனாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்.

கடைசியா ஒரு கோரிக்கை. நம்ம குழுக் கூட்டத்துக்கே மூட்டுவலிப் பொடி விக்க வர்றாங்க. கமிஷன் தர்றோம், நீங்களே வித்துக் கொடுங்கன்னு கேட்கிறாங்க. குழுவுல உள்கடன் வாங்கி மூணு மாசக் கோர்ஸ் வாங்கினவங்களும் இருக்காங்க. விக்கிறது யாரு? நம்ம அக்கா. வாங்குறது யாரு? நம்ம அத்தை. ஏதாவது ஆனா யார் முகத்துல யார் முழிக்கிறது? குழுக் கூட்டத்துல மருந்து விக்கக் கூடாதுன்னு இந்தக் கூட்டமைப்பு தீர்மானம் போடணும். அதுக்குப் பதிலா மாசம் ஒரு கூட்டத்துல நர்ஸம்மாவைக் கூப்பிட்டு எல்லாருக்கும் பிரஷர் பார்க்கலாம். பிரஷர் ஏறினா உடம்பு முன்கூட்டிச் சொல்லாது, பார்த்தாத்தான் தெரியும்.

கடன் கணக்கை பைசா சுத்தமா எழுதுறவங்க நாம. மருந்துக் கணக்கையும் அப்படியே வச்சுக்குவோம்.