சர்வர் சொல்லும் சேதி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சர்வர் பராமரிப்பது என் தொழில். சர்வர் என்றதும் காபி கொண்டு வருபவரை நினைத்துவிடாதீர்கள். வங்கி, மருத்துவமனை, கல்லூரி எல்லாவற்றின் கணக்கையும் சுமக்கும் கம்ப்யூட்டரைச் சொல்கிறேன்.

இது பல நேரம் சொல்லிவிட்டுத்தான் படுக்கும். மஞ்சள் விளக்கு எரியும், பதிவேட்டில் ஒரு வரி ஏறும். ஆனால் வேலை நிற்காது. உடனே நாம், "அதான் ஓடுதுல்லா, விடுங்க அண்ணாச்சி" என்று போய்விடுகிறோம். ஆபத்தே அங்கேதான்.

ரெயிட் 5 முறையில் ஒரு டிஸ்க் போனாலும் சர்வர் ஓடும். அதை மாற்றிச் சீராகும் முன்னே இரண்டாவதும் போனால் அத்தனை தகவலும் போச்சு!

மெமரியும் அப்படித்தான். 2003-இல் பெல்ஜியத்தின் ஸ்கார்பீக் நகரில், மின்னணு வாக்குப்பதிவில் ஒரு வேட்பாளருக்கு 4096 வாக்குகள் கூடுதலாக விழுந்தன. மெமரியில் ஒரே ஒரு பிட் தானாக மாறியதே காரணமாக இருக்கலாம் என்றார்கள். இதற்காகவே சர்வர்களில் ஈசிசி மெமரி வைக்கிறார்கள். 64 பிட் தகவலுக்கு 8 பிட் காவல். ஒரு பிட் பிழையைத் தானே திருத்தி, "திருத்திவிட்டேன்" என்று செய்தியும் எழுதும். திருத்தியாச்சே, நமக்கென்ன என்று இருக்கக்கூடாது. கூகுள் சர்வர்களை வைத்து 2009-இல் வெளியான ஆய்வில், ஆண்டுக்கு 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட மெமரி பலகைகளில் பிழை தெரிந்தது. திருத்தக்கூடிய பிழை வந்த பலகையில் திருத்த முடியாத பிழை வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்பதும் தெரிந்தது.

சரி, செய்தி வந்தால் என்ன செய்வது?

முதலில் பதிவேட்டை நகல் எடுங்கள். அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் விளக்கு அணையும், நோய் தீராது.

இரண்டாவது, நேரம். பல சர்வர்களின் பதிவேடு உலகப் பொது நேரத்தில் ஓடும். அதில் இரவு 8.30 என்றால் நமக்கு மறுநாள் அதிகாலை 2 மணி. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிப் பாருங்கள்.

மூன்றாவது, பத்துச் செய்தி சேர்ந்து வந்தால் முதலில் வந்ததைப் பிடியுங்கள். விசிறி நின்றதால்தான் சூடு ஏறியிருக்கும்.

நான்காவது, தகவலை வேறிடத்தில் பேக்கப் எடுத்த பிறகே கை வையுங்கள். எத்தனையாவது டிஸ்க் என்று இருமுறை பார்த்துக் கழற்றுங்கள். நல்லதைக் கழற்றினால் கதை முடிந்தது!

இந்தச் செய்திகளைத் திரட்டித் தரும் மென்பொருளை எழுதும் ஸோகோ நிறுவனத்தின் அலுவலகம் நம் தென்காசி மாவட்டத்து மத்தளம்பாறையிலேயே இருக்கிறது. ஆனால் செய்தியைப் படித்து முடிவெடுக்க ஓர் ஆள் வேண்டுமே!

பெருநகரத்தில் உதிரிப் பாகம் அன்றைக்கே கிடைத்துவிடலாம். நம் பனவடலிசத்திரத்துக்கு வெளியூரிலிருந்துதான் வரவேண்டும். அந்த இடைவெளியில் நம்மைக் காப்பது, முன்கூட்டியே வந்த அந்த ஒரு வரிதான். நம் ஊர்ப் பள்ளியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ மஞ்சள் விளக்கு எரிந்தால் நின்று படிக்கிற முதல் ஆள் நம் கல்லூரிப் பிள்ளையாக இருக்கட்டும்.