முதுமைக்கு எந்த நாடு மலிவு?

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.

 

சென்ற ஆண்டு ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் நமது மஹல்லாவைச் சார்ந்த பெரியவர் ஒருவர் நம்மிடம் வந்தமர்ந்தார். முப்பது ஆண்டுகள் வளைகுடாவில் உழைத்து, இகாமா முடிந்து உடன்குடிக்குத் திரும்பியவர். "ஹஜ்ரத், மகன் கோலாலம்பூரில் இருக்கிறான். மலேசியா, இலங்கை, தாய்லாந்து என்று ஏதாவதொரு செலவு குறைந்த நாட்டில் மீதிக் காலத்தைக் கழிக்கலாம் என நினைக்கிறேன். எது மலிவு?" என்று கேட்டார்.

நாம் மதரஸாவில் ஓதிய கிதாபுகளில் பயணியின் தொழுகைக்குச் சட்டம் உண்டு. சொந்த ஊரை விட்டு வேற்றூரில் நிலையாகக் குடியேறுவோருக்கும் சட்டம் உண்டு. விசாவுக்கு வைப்புத்தொகை எவ்வளவு என்பது அவற்றில் இல்லை. ஆகவே விவரம் அறிந்தோரிடம் விசாரித்தும் படித்தும் அறிந்துகொண்டதை, இதே கேள்வி பலருடைய உள்ளத்திலும் இருப்பதால், இங்கே எடுத்து வைக்கிறோம்.

முதலாவது, தங்கும் உரிமையின் விலை. வளைகுடாவில் நாம் எத்தனை ஆண்டுகள் உழைத்தாலும் அந்த உழைப்பு மட்டுமே அங்கு நிரந்தரமாகத் தங்கும் உரிமையைத் தருவதில்லை. 2020-இல் துபாய் 55 வயது கடந்தோருக்கு ஓய்வுக்கால விசாவை அறிமுகம் செய்தது. ஆனால் சேமிப்பைக் காட்டி அதைப் பெற விரும்புவோருக்கு 10 இலட்சம் திர்ஹம் வேண்டும். மலேசியா 2002-இல் 'மலேசியா எனது இரண்டாம் இல்லம்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. 2024-இல் திருத்திய விதிப்படி, சிறப்பு மண்டலம் நீங்கலாக, மிகக் குறைந்த வெள்ளிப் பிரிவுக்கே 1,50,000 டாலர் வைப்புத்தொகை கட்ட வேண்டும். 6 இலட்சம் ரிங்கிட் மதிப்பில் வீடும் வாங்க வேண்டும். டாலர் 85 ரூபாய் எனக் கொண்டால் வைப்புத்தொகை மட்டுமே ஒரு கோடியே 27 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் ஆகிறது. தாய்லாந்தில் 50 வயது கடந்தோர் 8 இலட்சம் பாட் வங்கியில் வைத்து ஆண்டுதோறும் அனுமதியைப் புதுப்பிக்கலாம். தொகை குறைவுதான், ஆனால் ஒவ்வோர் ஆண்டும் அலுவலக வாசலில் நிற்க வேண்டும். எழுபத்தைந்து வயதில் அந்த வரிசையில் நிற்க முடியுமா என்பதையும் யோசிக்க வேண்டும்.

இரண்டாவது, விதிகள் மாறும் என்பது. மேற்சொன்ன மலேசியத் திட்டத்தில் 2021-இல் மாத வருமானம் 40,000 ரிங்கிட் வேண்டும் என்று உயர்த்தினார்கள். 2024-இல் மீண்டும் மாற்றினார்கள். சவூதியில் 2017 ஜூலையில் குடும்பத்தார் ஒருவருக்கு மாதம் 100 ரியால் எனத் தொடங்கிய கட்டணம் 2020-இல் 400 ரியால் ஆனது. அதனால் மனைவி மக்களை ஊருக்கு அனுப்பிவைத்தவர்கள் பலர். நம் முன்னோர் காலத்தில் 1964-இல் பர்மா அரசு கடைகளை நாட்டுடைமையாக்கியபோது, தலைமுறையாகச் சம்பாதித்த தமிழர்கள் வெறுங்கையோடு கப்பலேறினார்கள். எவரையும் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தந்த நாட்டார் தம் நாட்டுக்கு விதி செய்வது அவர்களின் உரிமை. விருந்தினராகப் போகும் நாம் அதை அறிந்து போக வேண்டும்.

மூன்றாவது, நாணயத்தின் கணக்கு. நமது வருமானம் வாடகையாகவோ ஓய்வூதியமாகவோ ரூபாயில் வரும். செலவு அந்நிய நாணயத்தில் ஆகும். 2005-இல் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 44 ரூபாய் கொடுத்தோம். 2024 இறுதியில் 85 ரூபாயைத் தாண்டிவிட்டது. மலிவு என்று நம்பிய நாடே நெருக்கடியில் விழுவதும் உண்டு. 2022-இல் இலங்கையில் பணவீக்கம் 70 விழுக்காட்டை எட்டியது. மருந்துகளுக்கும் தட்டுப்பாடு வந்தது. சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் நாள்தோறும் மாத்திரை உண்ணும் முதியவருக்கு அரிசி விலையைவிட மருந்து கிடைப்பதே முக்கியம்.

நான்காவது கணக்கை அந்தப் பெரியவரின் வீட்டார் சொன்னார்கள். நம் வீட்டிற்கு வந்திருந்தபோது திரைக்குப் பின்னிருந்து அவர்கள் கூறியது: "ஹஜ்ரத், முப்பது வருஷத்தில் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, இரண்டு மாத லீவு. கூட்டிப் பார்த்தால் நாங்கள் சேர்ந்திருந்தது முப்பது மாதம். பிள்ளைகளை வளர்த்ததும், மாமியாரைக் கடைசிவரை பார்த்ததும் இந்தத் தெருவில்தான். இப்போது மொழி தெரியாத ஊருக்குப் போக வேண்டுமென்றால் என்னிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?"

பெரியவர் தலைகுனிந்தார். நாமும் பதிலின்றி இருந்தோம். நாடு நாடாகக் கணக்குப் பார்த்த நாம் இந்தக் கணக்கைப் பார்க்கவே இல்லை.

பின்னர் இருவரும் கலந்து பேசி, எதையும் விற்காமல், மகனிடம் ஒரு மாதம் தங்கிப் பார்த்தார்கள். மகனும் மருமகளும் குறை வைக்கவில்லை. ஆயினும் பகலெல்லாம் பூட்டிய அடுக்குமாடி வீட்டில் பேச ஆளின்றி இருந்ததாகச் சொன்னார்கள். இப்போது ஆண்டில் சில வாரங்கள் பேரப்பிள்ளைகளிடம், மற்ற நாட்கள் ஊரில் என முடிவு செய்திருக்கிறார்கள். இது அவர்களின் முடிவு. பிள்ளைகளின் அருகில் இருப்பதே நலம் எனக் காண்போர் செல்லட்டும், அதில் குற்றமில்லை. ஆனால் செல்வோர் ஒத்திகையாகச் சில காலம் தங்கிப் பார்க்காமல் ஊரிலுள்ள வீட்டை விற்க வேண்டாம். கடன்களையும் சொத்துக்களையும் எழுதி வையுங்கள். வஸிய்யத் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்பதையும், மற்றவை வாரிசுகளின் உரிமை என்பதையும் மறவாதீர்கள். வட்டியின்றி வைப்புத்தொகை செலுத்த வழியுண்டா என்பதையும் முன்கூட்டியே விசாரியுங்கள்.

இனி ஊரில் இருப்போரைப் பற்றி ஒரு வார்த்தை. ஊர் மலிவுதான், ஆனால் நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தால் திருநெல்வேலிக்கு அழைத்துச் செல்ல ஆள் வேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டில்; பெரிய வீட்டில் இரண்டு முதியோர். நமது மஹல்லாவில் இத்தகைய வீடுகள் எத்தனை? 70 வயது கடந்த அனைவருக்கும் ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு என ஒன்றிய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியது. அதன் பயனைப் பெறும் வழியை விசாரித்து, விண்ணப்பிக்க உதவுவோர் யார்?

ஆகவே நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். தனித்து வாழும் முதியோரின் பட்டியல் ஒன்றை ஜமாஅத் அலுவலகத்தில் வையுங்கள். வாலிபர்களே, தெருவுக்கு இருவர் முன்வந்து, நாளுக்கொரு முறை அவ்வீட்டுக் கதவைத் தட்டி, "மாமா, நலமா? மாமி, மாத்திரை இருக்கிறதா?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்க ஆளிருக்குமானால், முதுமைக்கு மலிவான நாடு எது என்று நம் பெரியவர்கள் தேட வேண்டிய தேவை பெருமளவு குறையும், இன்ஷா அல்லாஹ்.

வல்ல அல்லாஹ் நம் அனைவரின் முதுமையையும் கண்ணியமானதாக ஆக்கி வைப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.