கிணற்றுக்குள் இறங்கிய பட்டதாரி

 

பட்டமளிப்பு விழா மேடையில் நிற்பவர் அறிவுரை சொல்ல வேண்டும் என்பது வழக்கம். நான் இன்று பட்டம் பெறும் உங்களைப் போன்ற ஒரு பட்டதாரியின் கதையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

1985ஆம் ஆண்டு. ராஜஸ்தானில் ஆல்வார் மாவட்டம். ஆயுர்வேதமும் இந்தி இலக்கியமும் படித்த ராஜேந்திர சிங் என்ற இளைஞர், ஜெய்ப்பூரில் பார்த்துவந்த வேலையை உதறிவிட்டு, நண்பர்கள் நால்வரோடு அங்கே வந்து இறங்கினார். வைத்தியம் பார்க்கலாம், பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தலாம் என்று எண்ணம். ஆனால் ஆரவல்லி மலைச்சரிவில் காடு அழிந்திருந்தது. குளங்கள் தூர்ந்து கிடந்தன, கிணறுகளில் பாறைதான் தெரிந்தது. உழைக்கும் வயதுக்காரர்கள் பிழைப்புத் தேடி நகரங்களுக்குப் போய்விட்டார்கள். கோபால்புரா கிராமத்தில் மாங்கு மீணா என்ற பெரியவர் இந்தப் பட்டதாரியிடம், மருந்தும் வேண்டாம், பள்ளியும் வேண்டாம், தண்ணீருக்கு வழி செய் என்றார்.

இவர் படித்த படிப்பில் அந்தப் பாடமே இல்லை. பெரியவர்தான் நடத்தினார். வறண்ட கிணறுகளுக்குள் இவரை இறக்கி, எந்தப் பாறை வெடிப்பு நீரைக் கீழே இழுக்கும், எது விடாது என்று தொட்டுக் காட்டினார். பிறகு மண்வெட்டியைக் கையில் கொடுத்தார். பட்டம் எதுவும் வாங்காத ஒருவர், பட்டம் வாங்கியவருக்கு ஆசிரியரானார்.

அந்த ஊர்க்காரர்கள் ‘ஜோஹட்’ என்று சொல்வது, சரிவின் குறுக்கே பிறை வடிவில் போடும் மண்கரை. நம் ஊர்ச் சிற்றேரியான தாங்கலுக்கு உறவுக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைநீரைப் பிடித்து நிறுத்தி, நிலத்துக்குள் இறக்குவதுதான் அதன் வேலை. கோபால்புராவில் ஒன்றைத் தூர் வாரினார்கள். அடுத்த மழையில் பக்கத்துக் கிணறுகள் ஊறின. சேதி ஊர் ஊராகப் பரவியது. அர்வரி ஆற்றின் நீர்ப்பிடிப்பில் மட்டும் சுமார் 375 கரைகள் எழுந்தன. மழைக்காலம் முடிந்ததும் காய்ந்துவிடும் அந்த ஆறு, தொண்ணூறுகளில் ஆண்டு முழுவதும் ஓடத் தொடங்கியது.

இதோடு முடிந்திருந்தால் இது வெறும் மண்வேலைக் கதை. ஆறு ஓடியதும் மீன் வந்தது, மீன் வந்ததும் குத்தகை வந்தது. 1996இல் அரசு மீன்பிடி உரிமையை வெளியாளுக்குக் கொடுத்தபோது, ஆற்றங்கரை ஊரான ஹமீர்புராவின் மக்கள் எதிர்த்து நின்று அதை ரத்து செய்யவைத்தார்கள். அப்போதுதான் ஒரு கேள்வி எழுந்தது: ஆற்றை மீட்டுவிட்டோம், இனி அதை ஆள்வது யார்? 1999இல் சுமார் 70 கிராமங்கள் கூடி ‘அர்வரி நாடாளுமன்றம்’ அமைத்தன. நீரை அதிகம் குடிக்கும் பயிரைத் தவிர்ப்பது, மேய்ச்சலுக்கு அளவு, மரம் வெட்டவும் வேட்டையாடவும் தடை என்று தாங்களே விதி வகுத்தார்கள். சட்டம் அந்தச் சபைக்கு எந்த அதிகாரமும் தரவில்லை. சொன்ன சொல்லுக்கு ஊர் கட்டுப்பட்டது, அதுதான் அதிகாரம். அதே பகுதியில் பாவ்ந்தா-கோல்யாலா கிராம மக்கள் தாங்கள் வளர்த்த காட்டைத் தங்கள் பைரவ தெய்வத்தின் பெயரால் சரணாலயமாக்கினார்கள். சாமி காட்டில் கோடரி எடுக்க யாருக்குக் கை வரும்? 2000ஆம் ஆண்டு அந்த மக்களுக்கு விருது வழங்க, குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணனே நேரில் வந்தார்.

ஊர் கூடி நீரை ஆள்வது நமக்குப் புதிதல்ல. பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் பொறித்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் இருந்ததைச் சொல்கின்றன. ஆனால் அந்த வாரியத்தில் இடம்பெற நிலமும் வேதப் படிப்பும் வேண்டியிருந்தன. மாங்கு மீணா அங்கே குலுக்கலுக்கான குடவோலையில் பெயர் எழுதப்படும் தகுதியே பெற்றிருக்கமாட்டார். பழம்பெருமை பேசும்போது அதையும் சேர்த்துப் படியுங்கள். ஏரி வாரியத்தின் பொறுப்பு நமக்கு வேண்டும். அதன் வாசல் மட்டும் இன்னும் அகலமாக வேண்டும்.

உங்கள் ஊர் ஏரிக்கும் ஒரு மாங்கு மீணா இருப்பார். நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி என்று வட்டாரத்துக்கு ஒரு பெயர். எந்த மடையை எப்போது திறக்க வேண்டும், வரத்துக்கால் எங்கே அடைத்துக் கிடக்கிறது என்பதெல்லாம் அவர் மனத்தில் இருக்கிறது, எந்த வரைபடத்திலும் இல்லை. உங்களிடம் வரைபடம் போடும் படிப்பு இருக்கிறது, மனு எழுதும் மொழி இருக்கிறது. அவர் அறிவும் உங்கள் படிப்பும் ஒரே கரையில் உட்கார்ந்து பேச வேண்டும்.

இன்று மாலை அங்கியைக் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள். ஊருக்குப் போனதும் அந்த நீர்க்கட்டியைத் தேடிப் போங்கள். முதலில் அவர் பேசட்டும்.