கணிப்பொறிக் கல்விக்குத் தமிழில் பாடத்திட்டம் வகுப்போம்

(தனித்தமிழ் அன்பர்களின் திங்கட் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



மறைமலையடிகள் 1916ஆம் ஆண்டில் தனித்தமிழ் நெறியைத் தொடங்கி நூறாண்டுக்கு மேலாகிவிட்டது. அன்று தொட்டு நம்மை நோக்கி எறியப்படும் வினா ஒன்றே: "தமிழால் முடியுமா?" சொல் இருக்கிறதா என்றார்கள், சொற்களைப் படைத்துக் காட்டினோம். கணிப்பொறி என்றோம், நிரல் என்றோம், தரவு, வலையமைப்பு, ஒருங்குறி என்றோம். இன்று இச்சொற்கள் பள்ளிச் சிறுவர் நாவிலும் வழங்குகின்றன. இது நம் வெற்றியே.

ஆனால் நம்மை நாமே கேட்க வேண்டிய வினா ஒன்று எஞ்சியிருக்கிறது. கணிப்பொறியியலில் இளநிலைப் பட்டம் பெற விரும்பும் தமிழ் மாணவன் ஒருவன் நம்மிடம் வந்து, "ஐயா, முதற்பருவத்தில் நான் என்ன படிக்க வேண்டும்? இரண்டாம் பருவத்தில் என்ன? எதற்குப் பின் எது? அதற்கு எந்த நூல்?" என்று கேட்டால், நாம் கொடுக்க என்ன வைத்திருக்கிறோம்? சொற்பட்டியல் வைத்திருக்கிறோம்! செங்கற் குவியலைக் காட்டி, "இதோ வீடு, குடியேறு" என்று சொல்வதைப் போன்றதன்றோ அது?

ஆகவே இன்று சொல்லாக்கம் பற்றிப் பேச நான் வரவில்லை. பாடத்திட்டம் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

பாலம் எங்கே முறிகிறது?

தமிழ்நாட்டு அரசு மேனிலைப் பள்ளிகளில் கணிப்பொறி அறிவியல் தனிப்பாடமாக இருக்கிறது. அதற்குத் தமிழிலேயே அரசு நூல்கள் உண்டு. மாணவர் தமிழில் படிக்கின்றனர். தமிழிலேயே அரசுத் தேர்வு எழுதுகின்றனர். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழால் முடிகிறது! பதின்மூன்றாம் ஆண்டில், கல்லூரி வாயிலில், பாலம் முறிந்துபோகிறது.

கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவி ஒருத்தியைக் கண்டேன். அடுக்கு என்னும் தரவுக் கட்டமைப்பை விளக்குமாறு ஆசிரியர் ஆங்கிலத்தில் கேட்டார். அவள் எழுந்து நின்றாள், வாய் திறக்கவில்லை. வகுப்பு முடிந்தபின் நான் தமிழில் கேட்டேன். "சாப்பாட்டுக் கூடத்தில் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிறார்கள். கடைசியில் வைத்ததைத்தான் முதலில் எடுக்க முடியும். அதுதானே ஐயா?" என்றாள். அதுவேதான்! பொருள் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் வகுப்பேட்டில் அவள் அறியாதவள். அறிவுடைய பெண்ணை அறிவிலி என்று எழுதிவைக்கும் கல்வியை என்னவென்று சொல்வது? தோழர்களே, நம் போராட்டம் வெறும் மொழிப் பெருமைக்கன்று. அந்தப் பெண்ணின் வாய் திறப்பதற்கு.

உலகம் வகுத்த வழி

பாடத்திட்டம் வானிலிருந்து விழுவதில்லை. அறிஞர் கூடி வகுப்பது. இங்கிலாந்தின் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் 1953இல் கணிப்பொறியியலில் ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பைத் தொடங்கியது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 1962இல் இதற்கெனத் தனித்துறை அமைத்தது. அந்நாட்டுக் கணிப்பொறியாளர் கழகம் 1968இல் இளநிலைப் படிப்புக்கு ஒரு முழுப் பாடத்திட்டத்தை வெளியிட்டது. அதன் பின் 1978, 1991, 2001, 2013 ஆகிய ஆண்டுகளில் அது திருத்தி வகுக்கப்பட்டது. கடைசியாக வந்தது 2023ஆம் ஆண்டின் பெயர் தாங்கிய திட்டம்.

இவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். 2001இல் பாடப்பரப்பை 14 அறிவுத்துறைகளாகப் பகுத்தனர். 2013இல் 18 ஆக்கினர். 2023இல் 17 ஆக்கினர். 2013இல் தரவுக் காப்பும் இணைநிலைக் கணிப்பும் தனித்துறைகளாக எழுந்தன. இன்று செயற்கை நுண்ணறிவு பெருந்துறையாக நிற்கிறது. மேல்தளங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆனால் தனிநிலைக் கணக்கு, படிமுறை, தரவுக் கட்டமைப்பு, பொறியின் உள்ளமைப்பு ஆகிய அடித்தளங்கள் 1968 முதல் இன்று வரை அசையாமல் இருக்கின்றன.

மாசச்சூசெட்சுத் தொழில்நுட்ப நிறுவனத்தின் புகழ்பெற்ற முதற்பாடம், 1985இல் நூலாக வந்தது, 'சுகீம்' என்னும் நிரல்மொழியில் அமைந்திருந்தது. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அந்நிறுவனமே அதை விட்டுப் 'பைத்தான்' மொழிக்கு மாறிக்கொண்டது. நிரல்மொழி சட்டை, எண்ணும் முறையே உடல். சட்டையைக் கற்பிப்பதே கல்வி என்று மயங்கும் பாடத்திட்டம் பத்தாண்டில் கிழிந்துபோகும்.

ஆறு பருவம்

மூன்றாண்டு, ஆறு பருவம் கொண்ட இளநிலைப் படிப்பையே எடுத்துக்கொள்வோம். நான் முன்வைக்கும் வரைவு இது.

முதற்பருவத்தில் மூன்றே பெரும்பாடங்கள்: ஏரணமும் தனிநிலைக் கணக்கும், நிரலாக்கத் தொடக்கம், பொறியின் இருமக் கணக்கும் உள்ளமைப்பும். இரண்டாம் பருவத்தில் தரவுக் கட்டமைப்பு, நிகழ்தகவு, அணிக்கணக்கு. மூன்றாம் பருவத்தில் படிமுறைகளின் அமைப்பும் அளவும், தரவுத்தளம். நான்காம் பருவத்தில் இயங்குதளம், வலையமைப்பு, தானியங்கிக் கொள்கை. ஐந்தாம் பருவத்தில் நிரல்பெயர்ப்பி, தரவுக் காப்பு, பொறிக்கற்றல். ஆறாம் பருவத்தில் மாணவர் நால்வர் ஐவராகக் கூடி, ஊராட்சி அலுவலகத்துக்கோ நூலகத்துக்கோ உழவர் கூட்டுறவுக்கோ உண்மையில் பயன்படும் நிரல் ஒன்றை உருவாக்கித் தர வேண்டும். கூடவே இத்தொழிலின் அறமும் குமுகாயக் கடமையும் ஒரு தாளாக அமைய வேண்டும்.

ஒவ்வொன்றும் முன்னதன் தோளில் ஏறி நிற்பதைக் காண்க. நிகழ்தகவும் அணிக்கணக்கும் இல்லாமல் பொறிக்கற்றலைக் கற்பித்தால், மாணவன் பிறர் செய்த பெட்டியின் பொத்தானை அழுத்துபவனாகத்தான் வெளிவருவான். இன்று பல இடங்களில் செயற்கை நுண்ணறிவு என்னும் பெயரை முதலாண்டிலேயே ஒட்டிவைத்துக் கட்டணம் வாங்குகிறார்கள். அடித்தளம் இல்லாத மாடி அது.

மொழிபெயர்ப்பன்று, தமிழ்ப்பாடம்

இத்திட்டத்தைத் தமிழில் பெயர்த்துவிட்டால் போதுமா? போதாது. தமிழைக் கணிப்பொறிக்குள் வைத்துப் பார்க்கும் பயிற்சிகள் அதில் இருக்க வேண்டும். சில எடுத்துக்காட்டுகள் காட்டுகிறேன்.

'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்து? த, மி, ழ் என மூன்று என்பான் தொடக்கப்பள்ளிச் சிறுவன். பைத்தான் மொழியைக் கேளுங்கள், ஐந்து என்னும்! ஏன்? ஒருங்குறியில் 'மி' என்பது மகரமும் இகரக் குறியும் ஆகிய இரண்டு. 'ழ்' என்பது ழகரமும் புள்ளியும் ஆகிய இரண்டு. இச்சொல்லைத் தலைகீழாகத் திருப்பச் சொன்னால் புள்ளி முன்னே வந்து நிற்கும். முதற்பருவ மாணவனுக்கு, "மூன்று என்று விடை சொல்லும் நிரலை எழுதுக" என்பதே பயிற்சி. குறியெண் வேறு, எழுத்து வேறு என்னும் ஆழ்ந்த உண்மையை அவன் அங்கே தன் தாய்மொழியிலிருந்தே கற்றுக்கொள்வான்.

இரண்டாவது, வரிசைப்படுத்தல். அவல், அழல், அளவு என்பது நம் அகரமுதலி வரிசை. வகரம், ழகரம், ளகரம் என்பதே நெடுங்கணக்கு முறை. ஆனால் ஒருங்குறியில் ளகரத்துக்குப் பின் ழகரமும், ழகரத்துக்குப் பின் வகரமும் எண் பெற்றுள்ளன. குறியெண்ணை மட்டும் நோக்கி வரிசைப்படுத்தும் நிரல், அளவு, அழல், அவல் என்று முற்றிலும் தலைகீழாகத் தரும். இதைத் திருத்தும் ஒப்பீட்டு நெறியை மாணவனே எழுதட்டும்.

மூன்றாவது, தானியங்கிக் கொள்கை. வெண்பாவின் தளையைப் பாருங்கள். மாச்சீர் வந்தால் அடுத்த சீர் நிரையில் தொடங்க வேண்டும். விளச்சீர் வந்தாலும் காய்ச்சீர் வந்தாலும் நேரில் தொடங்க வேண்டும். கடந்துவந்த சீர்களை எல்லாம் நினைவில் வைக்கத் தேவையில்லை. முந்திய சீரின் ஈறு ஒன்றே போதும். முடிவுள்ள நிலைகளைக் கொண்ட தானியங்கி என்று அறிவியலார் சொல்வது இதைத்தான். வெண்டளை பிழைத்த இடத்தைச் சுட்டிக்காட்டும் நிரலை நான்காம் பருவ மாணவன் ஒரு கிழமையில் எழுதிவிடலாம்.

நான்காவது, புணர்ச்சி. பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம்; மண்ணும் குடமும் சேர்ந்தால் மட்குடம்; பொன்னும் வளையலும் சேர்ந்தால் பொன்வளையலே. எழுத்து, சொல், பொருள் என மூன்று அதிகாரமும் அதிகாரத்துக்கு ஒன்பது இயலுமாக 27 இயல்களில் நெறி வகுத்த தொல்காப்பியம் நமக்கு முன்னே இருக்கிறது. தொல்காப்பியர் கணிப்பொறியைக் கண்டார் என்று நான் சொல்லவில்லை. அத்தகைய வெற்றுப் பெருமை நமக்கு வேண்டா. நெறியை நெறியாக, விலக்கை விலக்காக எழுதும் பயிற்சி நம் மரபில் உண்டு. அதை வகுப்பறைக்குள் கொண்டுவருக என்றே சொல்கிறேன்.

ஆங்கிலத்தை என் செய்வது?

"நிரல்மொழியே ஆங்கிலந்தானே?" என்பார்கள். 'சி' மொழியின் 1989ஆம் ஆண்டுத் தரத்தில் ஒதுக்கப்பட்ட சொற்கள் 32 மட்டுமே. முப்பத்திரண்டு குறிகளைக் கற்க நான்காண்டு ஆங்கில வகுப்பு எதற்கு?

எனினும் உண்மையை மறைத்துப் பேசுவது நம் இயக்கத்துக்கு அழகன்று. நிரற்கருவிகளின் கையேடுகளும், பிழை அறிவிப்புகளும், ஆய்வுத் தாள்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. பெரிய நிறுவனங்களின் நேர்காணலும் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. ஆங்கிலம் அறியாமல் அனுப்பிவைத்தால் நம் பிள்ளைகளுக்கு நாமே தீங்கு செய்தவர் ஆவோம். ஆகவே முதற்பருவத்திலிருந்து ஆறாம் பருவம் வரை, துறைசார் ஆங்கிலம் படித்தறிதலும் எழுதுதலும் பேசுதலும் பருவத்துக்கு ஒரு தாளாக இருக்கட்டும். ஆங்கிலத்தைப் பாடமாகக் கற்போம். பாடத்தைத் தமிழில் கற்போம். மொழி ஒரு கருவி. கருவியைக் கையில் பிடிக்க வேண்டும், கழுத்தில் நுகமாக மாட்டிக்கொள்ளக் கூடாது.

பிறர் செய்து காட்டியவை

1913இல் பாலத்தீன நாட்டு ஐபா நகரில் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றை அமைத்தபோது, அறிவியலைச் செருமன் மொழியில்தான் கற்பிக்க முடியும் என்றனர் பொருளுதவி செய்தோர். ஆசிரியரும் மாணவரும் கிளர்ந்தெழுந்து வேலைநிறுத்தம் செய்தனர். அதையும் மொழிப்போர் என்றே வரலாறு சொல்கிறது. 1924இல் வகுப்பு தொடங்கியபோது எபிரேயமே பயிற்றுமொழியாயிற்று. ஐதராபாத்தில் 1918இல் நிறுவப்பட்ட உசுமானியாப் பல்கலைக்கழகம், அதற்கு முந்திய ஆண்டிலேயே மொழிபெயர்ப்பு நிலையம் ஒன்றை அமைத்துவிட்டது. நூல் முதலில், வகுப்பு பிறகு! யாழ்ப்பாணத்தில் 1847இல் வந்திறங்கிய சாமுவேல் கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார்; அதற்கான நூல்களையும் தமிழில் ஆக்கினார். அயலவர் ஒருவர்க்கு இருந்த துணிவு நமக்கு இல்லையா?

நம் நாட்டிலும் 2010இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியலும் எந்திரப் பொறியியலும் தமிழ்வழியில் தொடங்கப்பட்டன. அதே ஆண்டில் தமிழ்வழி பயின்றோர்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு ஒதுக்கும் சட்டமும் வந்தது. கதவு திறக்கப்பட்டது உண்மை. ஆனால் கதவைத் திறந்தால் மட்டும் போதாது. உள்ளே நூலும் ஆசிரியரும் பயிற்சிக் கூடமும் இருக்க வேண்டும். தமிழ்வழி என்று பெயர்ப்பலகை மாட்டிவிட்டு ஆங்கிலக் குறிப்புகளை உருப்போடச் செய்தால், தோற்றது தமிழ் என்றுதான் எழுதுவார்கள். தோற்றது ஏற்பாடு என்று எழுத மாட்டார்கள்.

செய்ய வேண்டியது

எனவே உங்களிடம் வேண்டுவது இது. அரசை வற்புறுத்துவோம்; அதை விட்டுவிட வேண்டா. ஆனால் அரசுக்காகக் காத்திருக்கவும் வேண்டா. ஆறு பருவத்துக்கும் தாள்கள் ஏறத்தாழ இருபது. கணிப்பொறித் துறையில் பணியாற்றும் தமிழன்பர் ஒருவரும், தமிழாசிரியர் ஒருவரும், மாணவர் ஒருவரும் என மூவர் சேர்ந்து ஒரு தாளை எடுத்துக்கொள்க. துறையறிஞர் பொருளைப் பார்க்கட்டும். தமிழாசிரியர் நடையைப் பார்க்கட்டும். மாணவர் புரிகிறதா என்று பார்க்கட்டும். மூவருள் மாணவர் சொல்லே இறுதிச் சொல்லாகட்டும். அவருக்குப் புரியாத தூய தமிழ் யாருக்குப் பயன்? ஒரு பொருளுக்கு நான்கு சொற்களை வைத்துக்கொண்டு நமக்குள் மாற்பட்டு நிற்பதை விடுத்து, ஒரு நூலுக்குள் ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்று உறுதி செய்துகொள்வோம்.

சொல் படைத்த தலைமுறை தன் கடனை முடித்துச் சென்றது. நூல் படைப்பது நம் கடன். தட்டுகளின் அடுக்கைத் தமிழில் சொன்ன அந்தப் பெண், வகுப்பறையில் எழுந்து நின்று எல்லாரும் கேட்கத் தமிழில் விடை சொல்லும் நாளே நம் சொற்களெல்லாம் உயிர்பெறும் நாள்.

வாழ்க தமிழ்!