அப்பீல் போட்டால் வட்டி தூங்குமா?

(தோட்டக் குடும்பங்களுக்கான சட்ட விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் பிறந்து வளர்ந்தது யாழ்ப்பாணத்து உடுப்பிட்டியில். அங்கே தேயிலை இல்லை, பனையும் புகையிலையும்தான். ஆனால் கடனும் வழக்கும் இங்கே மாதிரித்தான். எங்கள் அயலில் ஒரு ஐயா கடன் வழக்கில் தோற்றார். "அப்பீல் போட்டிருக்கிறன், இனிப் பயமில்லை" என்று திரிந்தார். அப்பீலும் தோற்றது. அப்போது பார்த்தால் வாங்கிய காசைவிட வட்டியும் வழக்குச் செலவும் கூடிவிட்டன. காணி கைமாறிப் போனது. அப்பீல் போட்டதும் வட்டி தூங்கிவிடும் என்று அவர் நினைத்தார். வட்டி தூங்காது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக் கோவையில் 192ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. காசுக் கடன் வழக்கில் இரண்டு கட்டமாக வட்டி போட அது இடம் கொடுக்கிறது. வழக்குத் தாக்கல் செய்த நாளிலிருந்து தீர்ப்பு வரை ஒன்று. தீர்ப்பு நாளிலிருந்து காசு கட்டும் நாள் வரை இன்னொன்று. பேசிய வட்டி இருந்தால் அந்த வீதம். பேசாவிட்டால் சட்ட வட்டி. அந்த வீதத்தை மத்திய வங்கி ஆண்டுதோறும் வர்த்தமானியில் அறிவிக்கும்.

ஒரு கணக்குப் பாருங்கோ. கடன் 100,000 ரூபா, வட்டி நூற்றுக்குப் பத்து என்று வைப்போம். வழக்கு 4 வருசம் ஓடினால் வட்டி 40,000. தீர்ப்புத் தொகை 140,000. இனி வட்டி ஓடுவது இந்த முழுத் தொகைக்கும். அப்பீல் 5 வருசம் இழுத்தால் இன்னும் 70,000. மொத்தம் 210,000. அதற்குமேல் இரண்டு கோட்டுச் செலவும் தலையில் விழலாம். அப்பீல் போட்டதால் மட்டும் டிக்கிரி நின்றுவிடாது. வென்றவர் கோட்டில் கேட்டு, அப்பீல் முடியமுன்னரே அதை நிறைவேற்றவும் வழி உண்டு.

ஆகவே கடன் உண்மை என்றால் வீம்புக்கு அப்பீல் போடாதீர்கள். முடிந்ததைக் கட்டுங்கள். தீர்ப்புக்குப் பிறகு கடன்காரர் கையில் காசு கொடுத்தால் துண்டு வாங்கினால் மட்டும் போதாது. அதைக் கோட்டிலும் பதிய வேணும். பதியாத காசைக் கோடு கணக்கில் எடுக்காது.

வட்டிக்கு எல்லையே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1707இல் ஒல்லாந்தர் எழுதிவைத்த யாழ்ப்பாணத்துத் தேசவழமையிலேயே வட்டி முதலை மிஞ்சக்கூடாது என்ற வழக்கம் உண்டு. 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் அதையே சொல்கிறது. வட்டிக்காரர் 20,000 கொடுத்துவிட்டு வட்டிப் பாக்கி 50,000 என்று மிரட்டினால் பயந்து கையெழுத்து வைக்காதீர்கள். ஆனால் இதை நம்பி வழக்கை இழுக்கவும் வேண்டாம். வழக்குக்குப் பின் கோடு போடும் வட்டி 192ஆம் பிரிவின்படி வருவது. அது வேறு கணக்கு.

இனி, காசு வரவேண்டியவர் நீங்கள் என்றால்? அப்போது இதே வட்டி உங்கள் பக்கம். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். தீர்ப்புக்குப் பிந்திய வட்டி பற்றி டிக்கிரியில் ஒன்றும் எழுதாவிட்டால், கோடு அதை மறுத்ததாகவே சட்டம் கொள்ளும். பிறகு அதற்கென்று தனி வழக்குப் போடவும் முடியாது. செலவும் அப்படித்தான், கட்டளையில் இருக்க வேணும்.

தொழில் நியாயசபையில் நீங்கள் வென்று, நிர்வாகம் அப்பீல் போனால் மனம் உடைய வேண்டாம். கொடுக்கச் சொன்ன தொகையை நிர்வாகம் பிணையாகக் காசாய்க் கட்டித்தான் அப்பீல் போகலாம். அந்தக் காசு வட்டி வரும் வங்கிக் கணக்கில் வைக்கப்படும். சேவைக்காலப் பணம் பிந்தினால் 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி நூற்றுக்குப் பத்திலிருந்து முப்பது வரை மேலதிகம் சேரும். ஊழியர் சேமலாப நிதியைக் கட்டப் பிந்தினால் ஐந்திலிருந்து ஐம்பது வரை.

அம்மாமாரே, பேர்ச் சம்பளத் துண்டு, கடன் துண்டு, கோட்டுக் கடுதாசி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுப் பெட்டியில் வையுங்கள். தீர்ப்பு வந்த அன்றே சட்டத்தரணியிடமோ தொழிற்சங்கத் தலைவரிடமோ இரண்டே கேள்வி கேளுங்கள்: "வட்டி எழுதியிருக்கா? செலவு எழுதியிருக்கா?" எங்கள் அயலவர் போன காணியை நான் திருப்பிக் கொண்டுவர முடியாது. உங்கள் வீட்டில் அப்படி நடக்காமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும்.