ஒரே ஊதியம், வேறு வேறு செல்வம்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் நெய்வேலியில் ஆற்றிய உரை)

 

நாலடியாரின் முதல் அதிகாரம் செல்வம் நிலையாமை. செல்வம் ஓரிடத்தில் நில்லாது என்பதை நம் குடும்பங்கள் இரண்டே தலைமுறையில் கண்டுவிட்டன. 1956-ஆம் ஆண்டு பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பெற்றபின், வந்தவாசி, செஞ்சிப் பகுதிகளில் உழவுத்தொழில் செய்துவந்த குடியினர் பணிநாடி இங்கு வந்தனர். நெல்லாக இருந்த செல்வம் மாத ஊதியமாகவும் வருங்கால வைப்பு நிதியாகவும் உருமாறிற்று.

இந்நகரியத்தில் ஒரே பதவியினர்க்கு ஒரே வகைக் குடியிருப்பு. எவரிடம் எவ்வளவு உள்ளது என்பது சுவரைப் பார்த்தால் தெரியாது. ஓய்வுபெற்றுச் சாவியை ஒப்படைக்கும் நாளில்தான் தெரியவரும். ஒருவர் வடக்குத்தில் கட்டிய சொந்த வீட்டிற்குச் செல்வார். உடன் பணியாற்றியவர் வாடகை வீடு தேடுவார். முப்பது ஆண்டுகள் ஒரே ஊதியம் பெற்றவர்களிடையே இவ்வேறுபாடு எவ்வாறு வந்தது? சிக்கனம், நோய் ஆகியவையும் காரணங்களே. ஆயினும் பெற்றோர் விட்டுச்சென்ற நிலமே பெரும்பாலும் முதற்காரணம். 2019-இல் நடுவண் அரசு எடுத்த கடன், முதலீட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் குடும்பச் சொத்தில் பத்தில் எட்டுப் பங்கிற்கு மேல் நிலமும் கட்டடமுமே. செல்வம் மிக்க பத்து விழுக்காட்டினரிடம் மொத்தச் சொத்தில் பாதிக்கு மேல் உள்ளது.

நிலமே செல்வத்தின் வேரெனில், அவ்வேரைப் பெறாதவர் யார்? நம் பெண்மக்களே. அண்ணனுக்கு நன்செய், தங்கைக்கு நகையும் சீரும். நாற்பதாண்டுகளில் நன்செய் வீட்டுமனையாகிப் பன்மடங்கு விலை பெறும். நகையோ மருத்துவச் செலவிற்காக அடகுக்கடை செல்லும்.

1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் சமணர்க்கும் பொருந்தும். 1989-இல் தமிழ்நாடு, மூதாதையர் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான உரிமை அளித்தது. எனினும் அதற்குமுன் மணமானவர்களை விலக்கியது. 2005-ஆம் ஆண்டு நடுவண் அரசின் திருத்தம் அவ்விலக்கையும் நீக்கிற்று. இருந்தும், தங்கையர் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பமிடுவது ஓயவில்லை. பிறந்தவீட்டு உறவு அற்றுவிடுமோ என்னும் அச்சமே அவர்களுள் பலரைக் கையொப்பமிடச் செய்கிறது.

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் ஒன்று பொருள் வரைதல். வரைதல் என்பது எல்லை வகுத்தல். எல்லை வகுக்குமுன், தம்மிடம் உள்ளவற்றுள் பிறர்க்குரியது எது எனக் கணக்கிடவேண்டும். தங்கையின் பங்கைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, எஞ்சியதில் தானம் செய்தால் பொருள் வரைதலும் நிறைவேறாது. கள்ளாமைக்கும் இழுக்கு நேரும்.

பெற்றோர்களே! நிலம், மனை, வைப்புத்தொகை, நகை அனைத்தையும் ஒரு தாளில் எழுதி, மகனையும் மகளையும் ஒருங்கே அமர்த்திப் படித்துக்காட்டுங்கள். உயிலையும் உரிய முறையில் எழுதிவையுங்கள். உடன்பிறந்தவர்களே! தங்கை வாய்திறந்து கேட்குமுன் அவள் பங்கை அளியுங்கள். அவளும் பொங்கலுக்கு மகிழ்வோடு பிறந்தவீடு வருவாள்.

 வளர்க அறம்!