தொழுநோய்க் கிருமியின் மூன்று சர்க்கரைகள்

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இயங்கிவந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையை 1955-இல் மத்திய அரசு ஏற்று, தேசிய அளவிலான பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாக்கியது. அங்குள்ளோர் பல பத்தாண்டுகளாக மல்லுக்கட்டும் கிருமி பிடிவாதமானது. 1873-இல் நார்வே மருத்துவர் ஹான்சன் அதைக் கண்டறிந்தார். இன்றுவரை எந்த ஆய்வகத் தட்டிலும் அது வளர்ந்ததில்லை. ஆய்வுக்காக எலியின் பாதத்திலும், அர்மடில்லோ என்ற ஓடுடைய விலங்கின் உடலிலும்தான் அதைப் பெருக்குகிறார்கள்.

வளராத கிருமியை எப்படி ஆராய்வது?

சர்க்கரை வழிகாட்டியது. உயிரணுக்களும் கிருமிகளும் தம் புரதங்களிலும் கொழுப்புகளிலும் விதவிதமான சர்க்கரைகளைக் கோத்து வைத்திருக்கின்றன. கொரோனா வைரஸின் கூர்ப்புரதத்தில் சர்க்கரைச் சங்கிலி ஏறக்கூடிய இடங்கள் 22. அச்சங்கிலிகளை நம் உயிரணுவின் செலவிலேயே மாட்டிக்கொண்டு, நம் நோய் எதிர்ப்பாற்றலிடமிருந்து அது ஒளிகிறது.

தொழுநோய்க் கிருமியின் மேலுறையில் பிஜிஎல்-1 என்றொரு கொழுப்பு உண்டு. அதன் நுனியில் மூன்று சர்க்கரைகள். அவற்றின் அமைப்பு இந்தக் கிருமிக்கே உரியது. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பேட்ரிக் பிரென்னன் குழுவினர் அர்மடில்லோ திசுவிலிருந்து இக்கொழுப்பைப் பிரித்தெடுத்தனர். இந்த மூன்றையும் கொண்டுதான் கிருமி நரம்புறையிலுள்ள லாமினின் புரதத்தைப் பற்றுகிறது என்று 2000-இல் தெரியவந்தது. கைகால் மரத்துப்போவதற்கு வித்து அங்கேதான் விழுகிறது.

வேதியியலாளர்கள் அடுத்துச் செய்தது அருமையான காரியம். கிருமியைத் தொடாமலே அந்தச் சர்க்கரைகளைக் குடுவையில் உருவாக்கி, மாட்டு ரத்தப் புரதம் ஒன்றில் இணைத்தார்கள். நோயாளியின் ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள் அதைத் தேடிவந்து ஒட்டிக்கொள்ளும்; அதை வைத்து நோயை அறியலாம். கிருமி மிகுந்தவர்களிடம் இச்சோதனை நன்றாகவே வேலை செய்கிறது; ஓரிரு தேமல் மட்டும் உள்ளவர்களைப் பெரும்பாலும் தவறவிடுகிறது. ஆகவே தேமலைத் தொட்டு உணர்ச்சி பார்க்கும் மருத்துவரின் விரலுக்கு இது மாற்றாகாது, துணைதான்.

காசநோயிலும் இதே பாதைதான். உயிருள்ள கிருமி விரும்பி ஏற்கும் டிரெஹலோஸ் என்ற சர்க்கரையில் ஒளிரும் சாயத்தை இணைத்து, சளியில் கிருமியை மின்னவைக்கும் முறையை 2018-இல் கேரலின் பெர்டோசி குழு வெளியிட்டது. உயிரணுச் சர்க்கரைகளைப் படிக்க அவர் உருவாக்கிய வேதியியலுக்கு 2022-இல் நோபல் பரிசு கிடைத்தது.

செங்கல்பட்டிலானாலும் மாமல்லபுரம் கடலோரக் குப்பங்களிலானாலும், உடம்பில் வெளிறிய, தொட்டால் உணர்ச்சியில்லாத தேமல் இருந்தால் மறைக்காதீர்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். கூட்டு மருந்து இலவசம். 6 அல்லது 12 மாதங்களில் சிகிச்சை முடிந்துவிடும்.